மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’: எந்த இசைத்தட்டை வாங்குவது?

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த சோல் இசையில் ஒரே ஒரு இசைத்தட்டையாவது வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு எந்தத் தொகுப்பை வாங்குவது என்பதில் பெரிய குழப்பம் இருப்பதில்லை. அமெரிக்கப் பாடகர் மார்வின் கே 1971 மே மாதம் வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ என்ற பெயரில் அவர்களுடைய தேடல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. மழையில் நனைந்த மேலங்கியுடன் அவர் நிற்கும் அதே உறைப்படத்தைத் தாங்கி, மிகக் குறைந்த விலையிலிருந்து பத்து மடங்கு விலை வரை வெவ்வேறு பதிப்புகள் கிடைக்கின்றன. எதை வாங்குவது என்று என்னிடம் கேட்ட நண்பர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன்: இந்தத் தொகுப்பு எப்படிப்பட்டது

பதிப்புகளை எடைபோட வேண்டுமானால், இந்த இசை எந்த வடிவத்தில் கேட்கப்படுவதற்காக அமைக்கப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனம் அதுவரை மூன்று நிமிடப் பாடல்களைத் தனித் தட்டுகளாக விற்றே வளர்ந்திருந்தது. தொகுப்பு என்பது பெரும்பாலும் அத்தகைய வெற்றிப் பாடல்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டையாகவே இருந்தது. தன்னுடன் ஜோடியாகப் பாடிய டாமி டெரெல் 1970 மார்ச்சில் இறந்த துயரமும், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தம்பி ஃபிராங்கி சொன்ன கதைகளும் மார்வின் கேயை வேறொரு திசைக்குத் தள்ளின. ஃபோர் டாப்ஸ் குழுவின் ஓபி பென்சனும் அல் கிளீவ்லண்டும் தொடங்கிய ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ என்ற பாடலை அவர் வளர்த்தெடுத்தார். நிறுவனத்தின் தலைவர் பெர்ரி கார்டிக்கு அதில் விருப்பமில்லை. ஆயினும் 1971 ஜனவரியில் தனிப்பாடலாக வெளிவந்து அது பெரும் வெற்றி பெற்றதால், ஒரு முழுத் தொகுப்பை அவசரமாகக் கேட்கும் நிலை நிறுவனத்துக்கே ஏற்பட்டது.

அப்படி உருவான தொகுப்பில் ஒன்பது பாடல்கள் உள்ளன. முதல் பக்கத்தில் ஆறு, இரண்டாம் பக்கத்தில் மூன்று. முதல் பக்கத்துப் பாடல்கள் ஒன்று முடிந்து ஒன்று தொடங்குவதாக அல்லாமல், ஒன்று மற்றொன்றாக உருமாறிச் செல்கின்றன. ஏறத்தாழ 19 நிமிடங்களுக்கு இசை எங்குமே நிற்பதில்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடலான ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ முடியும் தறுவாயில் முதல் பாடலின் வரிகள் மீண்டும் எழுந்து வட்டத்தை மூடுகின்றன. தொகுப்பு முழுவதும் சுமார் 36 நிமிடங்கள்தான். ஒரு தட்டின் இரண்டு பக்கங்களை அளவுகோலாக வைத்துச் செதுக்கிய படைப்பு இது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மக்கள் இதை இசைத்தட்டாகவே தேடுவதற்கு, ஏக்கத்தைக் காட்டிலும் இந்த வடிவப் பொருத்தமே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் தொடர்ச்சி. முதல் பக்கம் உடையாமல் ஓட வேண்டும். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்.

இரண்டாவது அளவுகோல், தட்டு எதிலிருந்து வெட்டப்பட்டது, அதாவது அதன் பள்ளங்களில் பதித்த ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது. மூல ஒலிநாடாவிலிருந்து நேரடியாகவா, அதன் பிரதியிலிருந்தா, டிஜிட்டல் கோப்பிலிருந்தா என்று பார்க்க வேண்டும். டிஜிட்டல் என்பதாலேயே ஒன்று மோசமாகிவிடாது. ஆனால் எதிலிருந்து வந்தது என்பதை வெளியிடுபவர் சொல்ல வேண்டும்.

மூன்றாவது அளவுகோல் பெரும்பாலானோர் கவனிக்காதது: பக்கத்தின் உட்பகுதி எப்படி ஒலிக்கிறது? தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழன்றாலும், ஊசிக்கு அடியில் பள்ளம் நகரும் வேகம் ஒரே அளவாக இருப்பதில்லை. வெளி விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டராக இருக்கும் வேகம், மையத்தை ஒட்டிய கடைசிப் பள்ளங்களில் 21 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டியிருப்பதால், தேய்மானமும் சிதைவும் முதலில் தலைகாட்டும் இடம் அதுதான். இந்தத் தொகுப்பில் அந்த இடத்தில் இருப்பவை ‘மெர்சி மெர்சி மீ’, ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ என்னும் இரண்டு பாடல்கள். மிகவும் விரும்பப்படும் பாடல்களே மிகவும் இடர் மிகுந்த இடத்தில் அமர்ந்திருக்கின்றன.

நான்காவதாக உறையும், அதனுடன் கடைசியில் கையைக் கடிக்கும் மறைமுகச் செலவுகளும். மடித்துத் திறக்கும் அட்டையின் உட்புறத்தில் குடும்பப் படங்களும் பாடல் வரிகளும் இசைக்கலைஞர்களின் பெயர்களும் இருக்க வேண்டும். மோட்டவுனின் எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்குப் பெயரில்லாமலே வாசித்துவந்த ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்களின் பெயர்கள் அச்சேறியது இந்த உறையில்தான். ‘ஒப்பற்ற’ என்னும் அடைமொழியுடன் பேஸ் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் அதில் நிற்கிறது. அந்தப் பக்கம் இல்லாத பதிப்பை நான் முழுமையான பதிப்பாகக் கருதுவதில்லை.

1971ஆம் ஆண்டின் முதல் அச்சு

மோட்டவுனின் துணை முத்திரையான டாம்லாவின் பெயரில், டி.எஸ். 310 என்னும் எண்ணில் அமெரிக்காவில் வெளிவந்தது இது. தொடர்ச்சி என்ற அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண். அன்றைய புதிய ஒலிநாடாவிலிருந்து, அன்றைய செவிகளுக்காக வெட்டப்பட்ட தட்டு என்பதால் இதன் ஒலியில் ஒரு வெதுவெதுப்பும் உடனிருக்கும் உணர்வும் உண்டு. எலி ஃபவுன்டனின் ஆல்டோ சாக்ஸஃபோன் எழும் முதல் விநாடியிலேயே அது தெரிந்துவிடும். மார்வின் கேயின் இரண்டு குரல்கள் ஒன்றுடன் ஒன்று பேசிக்கொள்வதுபோல ஒலிக்கும் அந்தப் புகழ்பெற்ற அமைப்பு, இரண்டு வெவ்வேறு பதிவுகளை ஒப்பிடுவதற்காகத் தயார்செய்தபோது ஒலிப்பொறியாளர் கென் சாண்ட்ஸ் தற்செயலாக இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டதில் பிறந்தது. நல்ல நிலையிலுள்ள முதல் அச்சில் அந்த இரு குரல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக்கூட உணர முடிகிறது.

ஆனால் ‘நல்ல நிலையிலுள்ள’ என்ற சொற்களுக்குள்தான் மறைமுகச் செலவு முழுவதும் ஒளிந்திருக்கிறது. இது விருந்துகளிலும் வரவேற்பறைகளிலும் நூற்றுக்கணக்கான முறை ஓடிய தட்டு. கனமான, தேய்ந்த ஊசிகள் உழுத தட்டு. பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து, வி.ஜி. பிளஸ் (மிக நன்று என்பதற்கும் சற்று மேல்) என்று தரம் குறிக்கப்பட்ட ஒரு பிரதியை நான் வாங்கினேன். விளக்கொளியில் பார்த்தால் கீறலே இல்லை. முதல் ஐந்து பாடல்கள் அருமையாக ஒலித்தன. ஆறாவதில், வைல்ட் பில் மூரின் டெனர் சாக்ஸஃபோன் தனித்து எழும் இடத்தில், தகரத்தைச் சுரண்டுவதுபோன்ற கரகரப்பு வந்தது. பள்ளத்தின் சுவரே தேய்ந்துபோயிருந்தது. அதை எந்தக் கழுவலும் சரிசெய்யாது; கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் முறையில் அது அகப்படவும் செய்யாது. வாங்குவதற்கு முன் இரண்டு பக்கங்களின் கடைசிப் பாடலையும் இயக்கிப் பார்த்தாரா என்று விற்பனையாளரிடம் கேட்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

பழைய தட்டுக்குக் கழுவும் செலவும், புதிய உள்ளுறைக்கான செலவும், தொலைவிலிருந்து வந்தால் கூரியர் கட்டணமும் சுங்கவரியும் சேரும். அதே தட்டு எழுபதுகளில் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டிருப்பதால், 1971 என்று உறையில் போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. நடுவட்டக் காகிதத்தின் அமைப்பையும், கடைசிப் பள்ளத்துக்கு உள்ளே கீறப்பட்டிருக்கும் எழுத்துகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

கடைக்கே சென்று, கேட்டுப் பார்த்து வாங்கும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு இதுவே சிறந்தது. அமெரிக்காவிலோ கனடாவிலோ வசிக்கும் நம்மவர்கள் பழைய தட்டுக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் நியாயமான விலையில் அகப்படும். திருப்பியனுப்ப வழியில்லாத தொலைவில் இருப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

வழக்கமான மறுபதிப்பு

பெரிய கடைகளிலும் இணையத்திலும் எளிதாகக் கிடைக்கும் ஒற்றைத் தட்டுப் பதிப்பு. முதல் பக்கம் உடையாமல் இருக்கும். பள்ளம் புதியது, விலை குறைவு. அதே வேளையில், பெரும்பாலான இத்தகைய பதிப்புகளில் தட்டு எதிலிருந்து வெட்டப்பட்டது என்ற குறிப்பு இருப்பதில்லை. உறையில் 180 கிராம் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எடை கூடினால் தட்டு சற்று உறுதியாக இருக்கும், அவ்வளவே. அதனால் ஒலியின் தரம் கூடிவிடாது. சில மலிவுப் பதிப்புகளில் மடித்துத் திறக்கும் அட்டையும் இருப்பதில்லை என்பதால், வாங்கும்போது அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த இசையை இப்போதுதான் அறிமுகம் செய்துகொள்கிறவர்களுக்கும், எளிய ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்களுக்கும் இது போதும். அந்தக் கருவியில் முதல் அச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியப்போவதில்லை.

2022ஆம் ஆண்டின் பொன்விழாப் பதிப்பு

தொகுப்பின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2022இல் இரண்டு தட்டுகளாக வெளிவந்த பதிப்பு இது. மூல அனலாக் ஒலிநாடாவிலிருந்து ஒலிப்பொறியாளர் கெவின் கிரே வெட்டியது. முதல் தட்டில் தொகுப்பு அப்படியே இருக்கிறது. எனவே முதல் பக்கம் முழுமையாக ஓடுகிறது. இரண்டாவது தட்டில் தனிப்பாடல்களாக வெளிவந்த மோனோ (இரு ஒலிபெருக்கிகளிலும் ஒரே ஒலி வரும்) வடிவங்களும் சில அரிய பதிவுகளும் உள்ளன.

நான் மிகுதியாகப் பரிந்துரைப்பது இதைத்தான். தேய்மானம் என்ற அச்சம் இல்லை. மூலம் எது என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பேஸ் கிட்டாரின் வரிகளைத் தனியே பின்தொடர்ந்து கேட்க இது ஏற்றது. முதல் பாடலில் ஜேமர்சனின் விரல்கள் பாடகரின் குரலைச் சுற்றி நெளிந்து போவதையும், ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ பாடலில் அவருடைய இடத்தில் வாசித்த பாப் பேபிட் ஒரே அமைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நகரத்தின் இறுக்கத்தையே உருவாக்குவதையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரு கலைஞர்களின் சுபாவமும் விளங்கும். டேவிட் வான் டெபிட் அமைத்த வயலின் வரிசைகள் அவற்றின் மேல் கனக்காமல் மிதக்கின்றன.

குறை என்று சொல்வதானால் இரண்டு. ஐம்பது ஆண்டு மூத்த ஒலிநாடா 1971இல் இருந்த நிலையில் இன்று இருக்க முடியாது. உச்ச ஒலிகளில் முதல் அச்சின் மினுமினுப்பு சற்றுக் குறைவாகவே என் செவிக்குப் படுகிறது. மற்றொன்று, இரண்டாவது தட்டுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம். மோனோ வடிவங்களில் ஆர்வம் இல்லாதவர்களுக்கு அது அலமாரியிலேயே இருக்கும் தட்டு. எனக்கு அவை வேண்டியிருந்தன. வானொலிப் பெட்டியில் இந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த டெட்ராய்ட் மக்களின் காதுக்கு எது போய்ச் சேர்ந்தது என்பதை அந்த வடிவங்களே காட்டுகின்றன.

45 சுற்றுத் தட்டுகளில் வந்த ஆடியோஃபைல் (ஒலித் துல்லியப் பிரியர்) பதிப்பு

மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தன்னுடைய ‘ஒன் ஸ்டெப்’ வரிசையில், நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் இரண்டு தட்டுகளாக, பெட்டியில் வைத்து வெளியிட்ட பதிப்பு இது. வழக்கமான முறையில், முதலில் பள்ளம் வெட்டப்படும் மென்மையான லாக்கர் தட்டிலிருந்து தந்தை, தாய், அச்சுத்தகடு என்று மூன்று உலோகப் படிகளைக் கடந்தே தட்டு உருவாகிறது. இந்த வரிசையில் இடையிலுள்ள படிகளைத் தவிர்த்து நேரே அச்சுத்தகட்டுக்குச் செல்கிறார்கள். அதனால் ஒரு லாக்கரிலிருந்து கிடைக்கும் பிரதிகள் குறைவு, விலை கூடுதல். 45 சுற்றில் பள்ளம் 35 விழுக்காடு வேகமாக ஓடுவதால், முன்பு சொன்ன உட்பகுதிச் சிதைவு வெகுவாகக் குறைகிறது. ‘மெர்சி மெர்சி மீ’ பாடலின் சாக்ஸஃபோன் இவ்வளவு தெளிவாக வேறெந்தத் தட்டிலும் எனக்குக் கேட்டதில்லை.

இருந்தும் இதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். காரணம் என் முதல் அளவுகோல். 45 சுற்றில் ஒரு பக்கத்தில் 19 நிமிடங்களை நல்ல தரத்தில் அடைக்க முடியாது. ஆகவே இரண்டு பக்கங்களில் இருக்க வேண்டிய தொகுப்பு நான்கு பக்கங்களாகப் பிரிகிறது. நிற்காமல் ஓட வேண்டிய ஆறு பாடல்களின் நடுவே எழுந்து சென்று தட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஒரே மூச்சில் பாட வேண்டிய விருத்தத்தைப் பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் செல்வது போன்றது இது. ஒவ்வொரு துண்டும் அழகாக ஒலிக்கலாம். மார்வின் கே கட்டிய அந்த நீண்ட நடை அங்கே அறுந்துபோகிறது.

இன்னொரு செய்தியையும் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். இந்த நிறுவனத்தின் பல பதிப்புகளில், மூல ஒலிநாடாவுக்கும் வெட்டும் எந்திரத்துக்கும் இடையே டி.எஸ்.டி. என்னும் டிஜிட்டல் படி இருந்ததாக 2022இல் தெரியவந்தது. முழு அனலாக் என்று நம்பி வாங்கியவர்கள் வழக்குத் தொடுக்கும் அளவுக்கு அது பெரிதாயிற்று. அதன் பின்னர் தன் பதிப்புகளின் மூலங்களை நிறுவனம் வெளியிடத் தொடங்கியது. ஒலி நன்றாகத்தான் இருந்தது என்பதும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது தவறு என்பதும் ஒன்றையொன்று மறுக்காத இரு உண்மைகள். வரையறுத்த எண்ணிக்கையில் அச்சிடப்பட்ட பதிப்பு என்பதால், மறுவிற்பனையில் கேட்கும் விலை இசைக்காக மட்டுமல்லாமல் அரிதென்பதற்காகவும் ஏறியிருக்கும்.

மிகத் துல்லியமான கருவிகள் வைத்திருப்பவர்கள், ஏற்கெனவே ஒரு 33 சுற்றுத் தட்டை வைத்திருந்து ஒலியின் நுணுக்கத்துக்காக இரண்டாவதாக ஒன்றைத் தேடுபவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தும். ஒரே தட்டாக இதை வாங்கக் கூடாது.

குறுந்தகடும் இணையவழிக் கேட்பும்

இசைத்தட்டைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். சிலருக்கு நேர்மையான விடை இதுதான் என்பதால் சேர்க்கிறேன்.

2001இல் வெளிவந்த இரட்டைக் குறுந்தகட்டுப் பதிப்பில், வேறெதிலும் எளிதில் கிடைக்காத ஒன்று அப்போது கிடைத்தது: டெட்ராய்ட் ஒலிக்கலவை (தனித்தனியாகப் பதிந்த குரல்களையும் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்த்தது). தொகுப்புக்கு முதலில் டெட்ராய்டில் ஒரு கலவை தயாரிக்கப்பட்டது. அதில் நிறைவு கொள்ளாத மார்வின் கே லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று புதிதாகக் கலந்தார். உலகம் அறிந்தது இரண்டாவதைத்தான். முதலாவதில் தாளக்கருவிகள் முன்னால் வந்து நிற்கின்றன. இரண்டாவதில் குரல்களும் தந்திகளும் ஒன்றில் ஒன்று கரைகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், ஒரு கலைஞன் எதை மறைத்து எதை வெளிக்கொணர முடிவெடுத்தான் என்பதைத் தன் காதாலேயே அறியலாம். வாஷிங்டனில் 1972 மே முதல் நாள் அவர் நிகழ்த்திய கச்சேரியும் அதே பதிப்பில் உண்டு.

இணையத்தில் கேட்பவர்கள், பாடல்களுக்கு இடையே மௌனம் நுழையாதவாறு செயலியின் அமைப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும்; வரிசை மாற்றி இயக்கும் வசதியைத் தொடவே கூடாது. அடிக்கடி வீடு மாறுகிறவர்களும், வெக்கையான மாடியறையில் தட்டுகளை வைக்க நேர்பவர்களும் இந்த வழியையே நாடலாம். வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மதியம் மறந்து வைத்துவிட்டாலே தட்டு வளைந்துவிடும். சென்னையிலும் மதுரையிலும் மே மாதத்தில் கூரியரை வரவழைப்பதைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

எதைத் தேர்ந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று

பதிப்பைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, தங்கள் ரெக்கார்டு பிளேயரில் உள்ள ஊசி எத்தனை ஆண்டுகளாக ஓடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். தேய்ந்த ஊசி, கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) சரியாகப் பொருத்தப்படாத கை, அளவுக்கு மீறிய அழுத்தம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் எந்தப் பதிப்பின் உட்பள்ளங்களும் கரகரக்கும். புதிய தட்டும் சில மாதங்களில் பழையதாகிவிடும். விலையுயர்ந்த பதிப்பு, புதிய ஊசி இரண்டுக்கும் கையிலுள்ள பணம் போதாது என்றால், வழக்கமான மறுபதிப்பையும் ஒரு நல்ல ஊசியையும் வாங்குங்கள். விலையுயர்ந்த பதிப்பையும் பழைய ஊசியையும் சேர்க்க வேண்டாம். பொருத்தியபின் முதல் பாடலை வைத்துச் சோதிக்காதீர்கள், அது வெளி விளிம்பில் இருப்பதால் எந்தக் கருவியிலும் இனிமையாகவே இருக்கும். முதல் பக்கத்தின் ஆறாவது பாடலில் ஊசியை இறக்கி, ‘ஸ’கர ஓசைகள் சீறாமல் வருகின்றனவா என்று கேளுங்கள். அங்கே சுத்தமாக ஒலித்தால், தட்டைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், அந்தப் பத்தொன்பது நிமிடங்களுக்கு எழுந்திருக்காமல் உட்காருங்கள்.